எங்கைபோறாயின் கதிரை

தண்டவாளத்தைத் தாங்கி வெயிலில் வெந்த சிலிப்பர் கட்டையிலிருந்து தார் எண்ணெய் கசியுமே, அந்த மணம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மற்றவர்களுக்கு அது கோடை விடுமுறையின் மணமாம். எங்கள் ஊரவர்கள் இணையத்தில் நடத்தும் பழைய படங்களின் குழுவில் போன மாதம் ஒரு ஜெர்மன் அம்மையார் எங்கள் ரயில் நிலையத்தின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டு, அந்தத் தார் மணத்தை நினைத்தால் கண்ணீர் வருகிறது என்று எழுதியிருந்தார். கீழே ஊரே திரண்டு வந்து இதயம் இதயமாகப் போட்டிருந்தது. நானும் மரியாதைக்கு ஏதாவது எழுதலாம் என்று தொடங்கி, அழித்து, மறுபடி தொடங்கி, மறுபடி அழித்து, கடைசியில் கட்டைவிரலைத் தலைகீழாகக் காட்டும் படம் ஒன்றைப் போட்டுவிட்டேன். அந்த அம்மையார் உடனே "ஏன்?" என்று கேட்டார். கேட்டது ஒரு சொல். எனக்குத்தான் சுருக்கமாகப் பேச வராதே, விடை இவ்வளவு நீளமாகிவிட்டது.

ஊர் ஜெர்மனியில் ஹம் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் யாராவது பார்க்க வந்துவிடுவார்கள், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். நிலையத்தின் சரித்திரமோ இன்னும் மோசம். சக்கரவர்த்தி கைசர் காலத்தில் அங்கே செங்கல் சூளை வைத்திருந்த ஒரு பணக்காரர் தன்னுடைய கற்களை ஏற்றுவதற்காகக் கட்டியது அது. கற்களோடு மனிதர்களும் ஏறலாமே என்ற எண்ணம் பிற்பாடுதான் வந்ததாம், வாசலில் பதித்திருந்த செப்புப் பலகையே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கல்லுக்குக் கட்டிய இடம் என்பதை நிலையம் ஒருநாளும் மறக்கவில்லை. சிவந்த கல் சுவர், சிறிய சன்னல்கள், எந்தப் பக்கம் நின்றாலும் முதுகில் அடிக்கும் காற்று. பெரிய ஊர்களுக்குப் போகும் விரைவு ரயில்கள் எங்களைத் திரும்பிப் பார்க்கவும் விரும்பாமல், வெட்கப்பட்டவை போல இன்னும் வேகம் கூட்டிக் கடந்து போகும்.

வசதிகளைப் பற்றியும் சொல்லவேண்டும் அல்லவா? காத்திருக்கும் அறை ஒன்று இருந்தது. "பயணச்சீட்டு உள்ளவர்களுக்கு மட்டும்" என்று கதவில் எழுதியிருக்கும், உள்ளே வெப்பமூட்டி வசந்த காலத்தில் மட்டும் வேலை செய்யும். கழிப்பறை இருந்தது, அதன் சாவியை என் தொடையளவு மரக்கட்டையில் கட்டி வைத்திருந்தார்கள், அதைத் தூக்கிக்கொண்டு மேடை நீளத்துக்கு நடப்பவன் எங்கே போகிறான் என்பதை ஊர் முழுக்கத் தெரிந்துகொள்ளும். காசு விழுங்கி இனிப்புத் தராத இயந்திரம் ஒன்று. பெரிய மணிக்கூடு ஒன்று. அதன் நிமிடமுள் மெதுவாக நகராது, நிற்கும், பிறகு கள்ளனைப் பிடிப்பது போலப் பாயும். பிறகு சன்னல் தோறும் கெரானியம் பூச்சாடிகள். அந்த நிலையத்தில் யாரையாவது அன்போடு கவனித்தார்கள் என்றால் அந்தச் செடிகளைத்தான்.

இதையெல்லாம் இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேன் என்றால் ரயில் மேல் ஆசை கொண்ட பிள்ளையாக இருந்தேன் என்று நினைக்காதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களை அரசாங்கம் குடிவைத்திருந்த "ஹைம்" என்ற அகதிகள் விடுதி நிலையத்துக்கு நேரெதிரே இருந்தது. அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேருக்கும் ஒரு அறை, அந்த அறைக்கு ஒரு சன்னல், அந்தச் சன்னல் முழுக்க அந்த மணிக்கூடு. சரக்கு ரயில் போனால் அடுப்பில் பருப்புச் சட்டி நடந்து விளிம்புக்கு வரும். "உது ஸ்டேசனில்லை, சனியன். எங்கடை வீட்டு வாசலிலை வந்து குந்திக்கொண்டிருக்குது" என்பாள் அம்மா. சமையலறை மாடிக்கு ஒன்று, எல்லோருக்கும் பொது. அம்மா மீன் பொரித்தால் மற்ற நாட்டுச் சனம் மூக்கைப் பொத்தும், அவர்கள் ஏதாவது அவித்தால் அம்மா மூக்கைப் பொத்துவாள். சொந்தக் கதவு, சொந்த அடுப்பு, சன்னலில் வேறு ஏதாவது: இவைதான் அம்மாவின் கனவு. அப்பா கம்பித் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த ஒரு சம்பளத்துக்கு அந்தக் கனவு எட்டவில்லை.

இப்போது கட்டுரையின் வில்லனுக்கு வருகிறேன். அந்த நிலையத்துக்கு ஒரே ஒரு அதிகாரி. சிவப்புத் தொப்பி, நரைத்த மீசை, இஸ்திரி போட்ட முகம். சன்னலுக்குப் பின்னால் இருந்து சீட்டு விற்பவரும் அவர்தான். ரயில் வரும்போது சன்னலைப் பட்டென்று மூடிவிட்டு, தொப்பியை வைத்துக்கொண்டு மேடைக்கு வந்து, பச்சை வட்டம் போட்ட கைத்தடியை உயர்த்தி ரயிலை அனுப்புபவரும் அவர்தான். அவர் தடியை உயர்த்தாமல் எந்த ரயிலும் அசையாது. அவர் நின்ற காலத்தில் எந்த ரயிலும் பிந்தியதும் கிடையாது. எங்களோடு பேச அவரிடம் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. ஒன்று "தாஸ் கேட் நிஹ்ட்!" அதாவது, இது ஆகாது. பெஞ்சில் கால் வைத்தால் ஆகாது, காத்திருக்கும் அறையில் மிக்சர் தின்றால் ஆகாது, ஒருவரை வழியனுப்ப ஒன்பது பேர் வந்தால் ஆகவே ஆகாது. மற்றது "வோஹின்?" அதாவது, எங்கே போகிறாய்?

இந்த இரண்டாவதுதான் எங்கள் வயிற்றில் புளியைக் கரைத்தது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் வெளிக்கிட்டுப் படி இறங்கும்போது "எங்கை போறியள்?" என்று கேட்பதைப் போன்ற கொடுமை வேறு இல்லை. கேட்டால் போகிற காரியம் சரிவராது. தெரிந்துதான் ஆகவேண்டும் என்றால் "தூரவோ?" என்று பக்குவமாகக் கேட்கலாம், அதற்கு "இல்லை, உதிலைதான்" என்று அதே பக்குவமாகப் பொய் சொல்லலாம். தப்பித் தவறி யாராவது நேரே கேட்டுவிட்டால், திரும்பிப் போய், கதிரையில் ஒழுங்காக இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, புதிதாக எழுந்து வெளிக்கிடவேண்டும். இந்தச் சட்டத்தின் கீழ் வளர்ந்த சனத்தை, பயணம் தொடங்கும் வாசலிலேயே ஒரு ஆளை இருத்தி, ஒவ்வொருவரிடமும் அதையே கேட்க வைக்கும் நாட்டுக்குக் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும்? விடுதியில் இருந்த தமிழர்கள் எல்லோரும் அவருக்கு வைத்த பெயர் "எங்கைபோறாய்". "எங்கைபோறாய் நிக்கிறானோ பார்த்துக்கொண்டு வா" என்று என்னைத்தான் அனுப்புவார்கள். நான் பார்த்துவிட்டு ஓடி வருவேன். அவர் எப்போதும் நிற்பார்.

சீட்டு விற்பவன் எங்கே என்று கேட்காமல் எப்படி விற்பது, நீங்கள் செய்வது அநியாயம் என்று நீங்கள் சொல்லலாம். சன்னலுக்கு வந்த ஜெர்மன்காரர்களிடம் அவர் "எங்கே போவதாக உத்தேசம்?" என்று சிரித்துக்கொண்டு கேட்டதை நான் கேட்டிருக்கிறேன். எங்களிடம் கேட்டபோது சிரிப்பு இல்லை, உத்தேசமும் இல்லை. விடுதிச் சனம் அனுமதி இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்றிருந்த காலம் அது. ஹம் எல்லைக்கு அந்தப் பக்கம். யாரும் அவரைக் கேட்கச் சொல்லவில்லை. அவராகவே அந்த எல்லையைத் தன் பூச்சாடிகளோடு சேர்த்துக் காவல் காத்தார்.

இப்படி இருக்கையில் அம்மாவுக்கு ஹம்மில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை கிடைக்கும் போல இருந்தது. வேலை செய்யவும் எல்லை தாண்டவும் அனுமதி வந்துவிட்டது. ஒரு கிழமை வந்து செய்து காட்டவேண்டும், காலை முதல் ரயிலில் வரவேண்டும், பிந்தக்கூடாது என்று அங்கே மேற்பார்வை பார்த்த பெண் சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு அது சூப் வாளியும் கரண்டியுமான வேலையாகத் தெரியவில்லை. சொந்தக் கதவாகத் தெரிந்தது. இரண்டு சம்பளம் இருந்தால் எங்கள் ஊரின் மறுபக்கத்தில் ஒரு வீடு தரத் தயாராக ஒருவர் இருந்தார், அவர் பொறுப்பதாகச் சொன்ன காலமும் முடிந்துகொண்டிருந்தது.

முதல் நாளுக்கு நடந்த ஆயத்தம் கலியாண வீட்டுக்கு நடப்பது போல இருந்தது. சாமிப் படத்துக்கு விளக்கு, நெற்றியில் திருநீறு, சேலைக்கு மேல் அப்பாவின் பழைய கம்பளிக் கோட்டு. வெளிக்கிடுகிறவருக்கு எதிரே நிறைகுடத்தோடு ஒரு சுமங்கலி வந்தால் நல்லது. அந்த விடுதியில் நிறைகுடத்துக்கு எங்கே போவது? ஒரு லீற்றர் பால் பெட்டியைக் கையில் தந்து என்னை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். அம்மா படியிறங்கும்போது நான் தற்செயலாக வருவது போல எதிரே வரவேண்டும். நான் தற்செயலாக வருவதை இரண்டு தடவை ஒத்திகை பார்த்தோம். என் வாழ்க்கையில் நான் சுமங்கலியாக நடித்தது அதுதான் முதலும் கடைசியும், நன்றாகவே நடித்தேன் என்று பெயர்.

எல்லாம் சரியாக நடந்து, அம்மா வீதியைக் கடந்து, சன்னலுக்கு முன் போய் நின்றாள். பின்னால் அப்பா, அவருக்குப் பின்னால் பால் பெட்டியோடு நான். அம்மா வாயைத் திறக்குமுன் சன்னலுக்குள்ளிருந்து வந்தது: "வோஹின்?"

அம்மாவின் முதுகு விறைத்ததை நான் பார்த்தேன். திரும்பி, எங்களைக் கடந்து, வீதியைக் கடந்து, படியேறி, அறைக்குள் போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா பின்னால் ஓடி வந்து கத்தினார்.

"என்னப்பா செய்யிறீர்? ரெயில் வருது!"

"தண்ணி தாங்கோ."

"வந்து குடியுமன்!"

"கேட்டுப்போட்டானெல்லோ அறுவான். இப்பிடியே போனால் வேலை சரிவருமோ? தண்ணியைத் தாங்கோ."

தண்ணீர் குடித்து, மூச்சு விட்டு, எழுந்து, வலக்கால் எடுத்து வைத்து அவள் மறுபடி வாசலுக்கு வந்தபோது ரயிலின் கடைசிப் பெட்டி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனது. நிலைய மணிக்கூட்டின் முள் பாய்ந்தது. அப்பா ஓடிப்போய் வாங்கித் தந்த சீட்டோடு அடுத்த ரயிலில் போய்ச் சேர்ந்த அம்மாவிடம் மேற்பார்வைப் பெண், நாளைக்கும் இப்படி என்றால் நாளை மறுநாள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அன்று மாலை அம்மா அழவில்லை. பொதுச் சமையலறையில் மீன் பொரித்தாள், வழமையை விட அதிகமாக.

இந்த இடத்தில் பரமு மாமா நுழைகிறார். மேல் மாடியில் இருந்த தனிக்கட்டை. அப்பாவோடு அதே தொழிற்சாலையில் வேலை. விடுதியில் எந்தச் சிக்கல் என்றாலும் அதை இன்னும் சிக்கலாக்கித் தருபவர். "அண்ணை, உதுக்கேன் யோசிக்கிறியள்? சீட்டை இண்டைக்குப் பின்னேரமே வாங்குவம். பின்னேரம் கேட்டால் அது நாளைக்குப் பலிக்காது. நான் போறன், பெடியனையும் கூட்டிக்கொண்டு போறன்" என்றார். பெடியன் என்றால் நான், மொழிபெயர்ப்பாளர் பதவி. என் ஜெர்மன் முழுவதும் பள்ளி விளையாட்டுத் திடலில் கற்றது, அதில் பாதியைப் பெரியவர்கள் முன் பேசமுடியாது.

சீட்டு வாங்கியதோடு பரமு மாமா திரும்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவருக்கு ஊர்ச் சமாதானம் பேசும் ஆசை வந்துவிட்டது. "தம்பி, இந்தாளுக்கு விளங்கப்படுத்து. எங்கடை சனத்திட்டை வோஹின் எண்டு கேக்காதை, தூரவோ எண்டு கேள் எண்டு சொல்லு. அது மரியாதை எண்டும் சொல்லு" என்றார். நான் சொன்னேன். தயவுசெய்து எங்களிடம் "எங்கே?" என்று கேட்கவேண்டாம், "தூரமா?" என்று கேளுங்கள். எங்கைபோறாய் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். தூரம் என்ற பெயரில் ஜெர்மனியில் எந்த நிலையமும் இல்லை என்றார். பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. காலையில் வந்த பெண் கேள்வியைக் கேட்டதும் ஓடினாளே, இப்போது இவர்கள் வந்து கேட்கவே வேண்டாம் என்கிறார்களே, அனுமதி இல்லாமல் எல்லை தாண்டப் பார்க்கிறார்களோ? அவருடைய மீசை மெல்ல அசைந்ததை நான் பார்த்தேன். "என்னவாம்?" என்றார் மாமா. "யோசிக்கிறாராம்" என்றேன். "பார்த்தியா, மனுசன்தானே, சொன்னால் விளங்கும்" என்று மாமா என் தோளில் தட்டினார்.

மறுநாள் அப்பா விடியுமுன்னே சைக்கிளில் வேலைக்குப் போய்விட்டார், பரமு மாமாவுக்கு அன்று விடுமுறை. விளக்கு, திருநீறு, பால் பெட்டி, தற்செயலாக வந்த நான், எல்லாம் முந்திய நாள் போலவே. சீட்டு அம்மாவின் கோட்டுப் பையில். சன்னல் பக்கமே போகாமல் பக்கவாசலால் மேடைக்குப் போவது என்று திட்டம். அதற்கும் மேலே ஒரு காப்பு வேண்டும் என்று பரமு மாமா முன்னால் நடந்தார். கேள்வி வந்தால் அது தன்மேல் விழட்டுமாம்.

எங்கைபோறாய் மேடையில், தொப்பியோடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்களுக்காகவே காத்து நின்றார். மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேரே அவர்முன் போய் நின்றார். "வோஹின்?" என்று விழுந்தது. மாமா மகிழ்ச்சியோடு "பெர்லின்! பிறகு மூன்ஷன்! பிறகு லண்டன்!" என்று தனக்குத் தெரிந்த ஊர்களையெல்லாம் அள்ளி வீசினார். எங்கைபோறாய் அவரைச் சுற்றிக்கொண்டு, ஒரு கம்பத்தைச் சுற்றுவது போலச் சுற்றிக்கொண்டு வந்து, அம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"வோஹின்?"

அதே கணம் ரயில் வந்து நின்றது. கதவுகள் திறந்தன. அம்மா அசையவில்லை. அவள் மனதுக்குள் ஓடியதை என்னால் அப்படியே படிக்கமுடிந்தது. விடுதிக்குத் திரும்பினால் ரயில் போய்விடும், வேலை போய்விடும். கேள்வியை முதுகில் சுமந்துகொண்டு ஏறினால் ரயில் கிடைக்கும், வேலை போய்விடும். பரமு மாமா "ஏறுங்கோ அக்கா, ஏறுங்கோ!" என்று கத்தினார். நான் பால் பெட்டியை இறுக்கி அணைத்துக்கொண்டு அழத் தொடங்கினேன். சுமங்கலிகள் அழக்கூடாது என்பது அப்போது நினைவில் இல்லை.

அம்மாவின் கண் எங்கைபோறாயின் தோளுக்கு மேலால் போய் ஒரு இடத்தில் நின்றது. அவருடைய அறை. ரயில் வந்த அவசரத்தில் கதவைத் திறந்தபடி விட்டிருந்தார். அந்த அறைக்குள் யாரும் கால் வைத்ததில்லை, எட்டிப் பார்த்ததற்கே நான் "தாஸ் கேட் நிஹ்ட்" வாங்கியிருக்கிறேன். உள்ளே மேசை, மேசையில் ஒரு கோப்பை, மேசைக்குப் பின்னால் தோல் போட்ட கதிரை, கதிரையில் யாரோ ஆசையோடு பின்னிய பச்சை மெத்தை.

"அக்கா, அது அந்தாளின்ரை அறை!"

"கதிரை இருக்கெல்லோ" என்றாள் அம்மா.

விறுவிறு என்று உள்ளே போனாள். கதிரையை இழுத்து, சேலையை ஒதுக்கி, பச்சை மெத்தையில் ஆறுதலாக உட்கார்ந்தாள். சும்மா தொட்டுவிட்டு எழும்பினால் செல்லாது, இருந்துதான் ஆகவேண்டும், அதனால் நன்றாகவே இருந்தாள். தண்ணீரைத் தேடினாள், தண்ணீர் இல்லை. கோப்பையைத் தூக்கினாள். நீராவி இயந்திரத்தின் படம் போட்ட அவருடைய சொந்தக் கோப்பை, அதில் பாதிக்குமேல் ஆறிய கோப்பி. முன்பின் தெரியாதவனின் எச்சில் கோப்பையில் அம்மா வாய் வைப்பாளா? தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கையை உயர்த்தி, ஊரில் செம்பால் குடிப்பது போல அண்ணாந்து, ஒரு சொட்டு உதட்டில் படாமல், அந்தக் கறுப்புக் கோப்பியை உயரத்திலிருந்து தொண்டைக்குள் ஊற்றினாள்.

எங்கைபோறாய் வாசலில் நின்றார். தடி அவர் கையில் பாதி உயரத்தில் நின்றது. ரயிலின் நடத்துநர் கதவால் தலையை நீட்டி என்ன நடக்கிறது என்று கேட்டார். சன்னல்களில் முகங்கள் சேர்ந்தன. மணிக்கூட்டின் முள் பாய்ந்தது. ரயில் நின்றது. முள் மறுபடி பாய்ந்தது. ரயில் அப்போதும் நின்றது.

அம்மா முகத்தைச் சுளித்தாள். "சீனி போடேல்லை" என்றாள். கோப்பையை மேசையில் அது முன்பு இருந்த ஈர வட்டத்திலேயே வைத்தாள், எழுந்தாள், வலக்காலை முன்வைத்து வெளியே வந்தாள், எங்களைப் பார்த்து "போட்டு வாறன்" என்றாள், ஏறினாள். அப்போதுதான் அவருக்குக் குரல் வந்தது. "பிராவ்! தாஸ் கேட் நிஹ்ட்! தாஸ் கேட் யா ஊபர்ஹௌப்ட் நிஹ்ட்!" அம்மணி, இது ஆகாது, ஆகவே ஆகாது என்றார்; அவருடைய முதல் வாக்கியத்துக்கு இவ்வளவு நீளமான வடிவம் உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கதவு மூடியது. தடி உயர்ந்தது. அவருடைய காலத்தில் முதன்முறையாக எங்கள் ஊரிலிருந்து ஒரு ரயில் பிந்திப் புறப்பட்டது.

அம்மாவுக்கு வேலை கிடைத்தது. இலை உதிருமுன் வீடும் கிடைத்தது, சன்னலில் ஒரு பேர்ஸ் பழ மரம் மட்டும் தெரியும் வீடு. இதையெல்லாம் அந்தக் கதிரைதான் தந்தது என்பதில் அம்மாவுக்கு இன்றுவரை ஐயமில்லை.

இப்படிப்பட்ட கதைகளில் அதிகாரி பிற்பாடு மனம் மாறுவார் என்பது எனக்கும் தெரியும். இவர் மாறவில்லை. அன்று மாலையே அந்தப் பச்சை மெத்தையைத் தோய்த்து, அம்மா இறங்கி வரும்போது கண்ணில் படும்படி மேடை வேலியில் காயப்போட்டிருந்தார். அம்மா நின்று பார்த்தாள். "என்ரை சீலையையெல்லோ தோய்ச்சிருக்கவேணும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். மறுநாளிலிருந்து அம்மா மேடையில் கால் வைத்ததும் அவருடைய அறைப் பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்கும். கேள்வியை மட்டும் அவளிடம் அதற்குப் பிறகு கேட்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். வருடக்கணக்காகப் பார்த்தார். ஓய்வு பெற்ற நாளில் மேடையில் நின்ற எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டு வந்தவர், எங்களிடம் வந்தபோது குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினார். எங்கள் ரயில் போகும்வரை கட்டினார்.

ரயிலை வெறுத்தே கார் வாங்கியவன் நான். அந்தக் கார் போன கிழமை, அம்மாவுக்கு ஹம்மில் கண் சத்திரசிகிச்சைக்கு "டெர்மின்" குறித்திருந்த காலையில், இருமிவிட்டு நின்றுவிட்டது. வாங்கும்போதே அம்மா அதற்கு எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னவள், நான் சிரித்தேன், கார் நினைவு வைத்திருந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அம்மாவைக் கைப்பிடித்துக்கொண்டு அந்த நிலையத்துக்குப் போனேன்.

சுவர் மட்டும் இருக்கிறது. மணிக்கூடு இருந்த இடத்தில் ஒரு வட்ட அடையாளம். காத்திருக்கும் அறையில் யாரோ உடற்பயிற்சி செய்கிறார்கள், சாவிக்கட்டையும் கெரானியமும் போன இடம் தெரியவில்லை, சிலிப்பர்களும் இப்போது கொங்கிறீற்; மணமே இல்லை. மேடை நடுவில் ஒரு இயந்திரம். சீட்டு வாங்கலாம் என்று விரலால் தட்டினேன். திரை வெளிச்சமாகி, பெரிய எழுத்தில் கேட்டது: "வோஹின்?"

அம்மா மங்கலான கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "அறுவான், இதுக்குள்ளை போய் இருக்கிறான்" என்றாள். ஏதோ நான்தான் அவரை உள்ளே அடைத்தது போல என்னையும் பார்த்தாள். பிறகு உட்கார இடம் தேடினாள். மேடையில் இருந்தது சரிவான ஒரு இரும்புக் கம்பி. யாரும் நெடுநேரம் இருக்கக்கூடாது என்றே செய்திருக்கிறார்கள். "உதிலை குந்தினால் இருந்ததாகுமோ?" என்றாள். என் பதிலுக்குக் காத்திருக்காமல் எங்கைபோறாயின் அறையை நோக்கி நடந்தாள்.

அந்த அறை இப்போது நகத்துக்குச் சாயம் பூசும் கடை. நான் பின்னால் ஓடி மன்னிப்புக் கேட்கத் தயாராவதற்குள் அம்மா வாடிக்கையாளர் கதிரையில் இருந்துவிட்டாள், பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துவிட்டாள், அண்ணாந்துவிட்டாள். பாதி சட்டையில் ஊற்றுண்டது. கடைப் பெண் காதில் தொலைபேசியோடு சிரித்தாள், துடைக்கக் கடதாசி நீட்டினாள், அவசரமில்லை, ஆறுதலாக இருங்கள் என்று கையால் காட்டினாள். அம்மா அவளை வெறுப்போடு பார்த்தாள்.

வெளியே வந்தவளின் முகம் தெளியவில்லை. மேடையை இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்புவரை பார்த்தாள். தொலைதூர நகரத்திலிருந்து ஒரு இனிமையான பதிவுக் குரல் ரயில் பிந்துவதற்கு மன்னிப்புக் கேட்டது. அம்மா அதையும் காதில் வாங்கவில்லை.

"என்னம்மா?"

"ஒருத்தரும் ஏசேல்லை" என்றாள்.

சத்திரசிகிச்சை அவளுக்கு; பயம் எனக்கு. சுற்றிலும் பார்த்தேன், யாருமில்லை. அந்த வாசலில் போய் நின்றேன். கைகளைப் பின்னால் கட்டினேன். எனக்கு மீசை இல்லை, தொப்பை இருக்கிறது, இருப்பதை நிமிர்த்தினேன். "பிராவ்! தாஸ் கேட் நிஹ்ட்! தாஸ் கேட் யா ஊபர்ஹௌப்ட் நிஹ்ட்!" என்று வெறும் மேடை அதிரக் கத்தினேன். உடற்பயிற்சிக்காரர்கள் கண்ணாடியால் எட்டிப் பார்த்தார்கள்.

அம்மா வலக்காலை முன்வைத்தாள். என்னைக் கடக்கும்போது கொஞ்சம் நின்றாள்.

"காணாது. அந்தாள் இதைவிட நல்லா ஏசும்."